முதலில், ஓடுகிற மில்

கேள்வி: ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் பழைய ரைஸ் மில்லில்தான் என் அப்பா பாய்லர் பார்த்தார். லீவு நாளில் நான் அதைப் படம் எடுக்கக் கிளம்பினால், மகனும் (10) மகளும் (7) கூடவே வருவேன் என்று அடம் பிடிக்கிறார்கள். அழைத்துப் போகலாமா? கேமரா வாங்கித் தர வேண்டுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: கேமரா வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய போனுக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள், போதும்.

அழைத்துப் போங்கள். ஆனால் முதல் தடவை அந்த மில்லுக்கு வேண்டாம். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, ஓடுகிற மில் ஒன்றுக்குப் போங்கள். மூடிய மில் பிள்ளைகளுக்கு வெறும் பேய் பங்களா. நெல் ஊறி, ஆவியில் வெந்து, காய்ந்து, அரைபடுவதைப் பார்த்துவிட்டால் கேள்வி வரத் தொடங்கும். களம் ஏன் இத்தனை அகலம்? அவித்த நெல்லைக் காயவைக்காமல் அரைக்க முடியாதே. கட்டடம் ஏன் இவ்வளவு உயரம்? எலிவேட்டர் நெல்லை மேலே தூக்கிவிட்டால், பிறகு அது தானாகவே ஒவ்வொரு மெஷினாகக் கீழே இறங்கிவிடும். புகைபோக்கி? சூடான புகை மேலே ஏறுகிற வேகத்தில்தான் அடுப்புக்குள் காற்று இழுக்கும், உமி நின்று எரியும். இதையெல்லாம் நீங்கள் சொல்லாதீர்கள். உங்கள் அப்பாவையும் அழைத்துப் போய், அவரைச் சொல்லவிடுங்கள்.

புகைபோக்கியை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்துவிடும். (என் ஆரம்ப காலப் படங்களில் டெல்டாவில் ஒரு புகைபோக்கிகூட நேராக நிற்கவில்லை.) வாய்க்கால் கரைவரை பின்னால் நடந்துபோய், போனை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்று ஒரு ஜெர்மன் புகைப்படத் தம்பதி. 1959 தொடங்கிப் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டி, இரும்பு உருக்கும் ஊது உலை என்று இப்படிப்பட்ட கட்டுமானங்களையே படம் எடுத்தார்கள். நிழல் விழாத மூட்டமான நாளில், நேர் எதிரே நின்று எடுத்து, ஒரே வகைப் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கினார்கள். நம் ஐப்பசிக் காலைகள் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதுவே விளையாட்டு: திருவாரூர் போகிற வழியில் கண்ணில் படும் புகைபோக்கிகளை மட்டும் சேர்க்கட்டும். ஒன்பது சேர்ந்ததும் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மகள் எடுத்தது கோணலாக இருந்தாலும் வெட்டித் திருத்த வேண்டாம்.

பிறகு அப்பாவின் மில். அதையும் களத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இற்றுப்போன கூரை, மூடியில்லாத ஊறல் தொட்டி, மழைக்குப் பின் பாம்பு என்று உள்ளே எல்லாம் இருக்கும். ஓடுகிற மில்லிலும் ஒரு கண் வேண்டும். உமிச் சாம்பல் குவியல் மேலே ஆறியதுபோல் இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். கால் வைக்க விடாதீர்கள்.

களத்தில் நிழல் இருக்காது. அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் குடையும் எடுத்துப் போங்கள்.