அலுவலகம் பங்சாருக்கு, வீடு பெஸ்தாரி ஜெயாவில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் வாயில் இன்னமும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜூந்தைதான்) ஒரு தோட்ட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோர் ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். சம்பளம் 2,400 ரிங்கிட். வேலைக்கு நடந்தே போய்விடுவேன். மூன்று மாதத்தில் அலுவலகம் கோலாலம்பூர் பங்சாருக்கு மாறுகிறது என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் கார் இல்லை. கணவர் மோட்டாரில் ரவாங் நிலையத்தில் இறக்கிவிட்டால், கோமுட்டர் புறநகர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், அங்கே எல்ஆர்டி நகர ரயிலுக்கு மாற வேண்டும். விடியற்காலை ஐந்தேகாலுக்கே வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் எட்டரைக்குள் போய்ச் சேர முடியும். வர முடியாதென்றால் ராஜினாமா எழுதிக் கொடுக்கும்படி மேலாளர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள், சகோதரி. ராஜினாமா என்பது நீங்களாக விரும்பி விலகுவது; அப்படி விலகுபவருக்கு, 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைகளின்படி பொதுவாக எதுவும் கிடைக்காது. மேலாளர் இதை அறிந்து சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு தாளால் நிறுவனத்துக்குப் பெருந்தொகை மிச்சமாகும்.

முதலில், வேலையில் சேர்ந்தபோது கொடுத்த நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள். நிறுவனத்தின் எந்தக் கிளைக்கும் உங்களை மாற்றலாம் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது: வேலை செய்ய ஒப்புக்கொண்ட இடத்தில் நிறுவனம் தொழிலை நிறுத்துவதாலோ, இடமாற்றத்தை நீங்கள் ஏற்க மறுப்பதாலோ வேலை முடிவுக்கு வந்தால், ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர் என்ற முறையில் உங்களுக்குக் குறைந்தது 8 வார முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அதோடு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் சேரும். பதினோர் ஆண்டுக்கு 220 நாள் சம்பளம். உங்கள் சம்பளத்தில் அது ஏறக்குறைய 17,000 ரிங்கிட். (மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு இந்த இழப்பீட்டு விதி பொருந்தாது.) கொடுக்க மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

அந்த வரி இருந்தால் நிலைமை வேறு. மாற்றுவது நிர்வாகத்தின் உரிமை என்றே தொழில்துறை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஒருவரைப் பழிவாங்க அல்லது தானாக ஓடவைக்கச் செய்த மாற்றமா என்பதை மட்டும் பார்க்கும். அலுவலகம் முழுவதும் மாறும்போது அப்படி நிரூபிப்பது கடினம் என்பதால், மறுப்பதைவிடப் பேரம் பேசுவதே நல்லது.

வேலையை விட மனமில்லையென்றாலும் பேச வேண்டியது இதைத்தான். 2023 ஜனவரி முதல் வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்க அதே சட்டம் வழி செய்திருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். உங்களுக்கு இருப்பது மூன்று மாதம். இந்த வாரமே கொடுத்தால் அலுவலகம் மாறுவதற்குள் பதில் வந்துவிடும். கணக்கு வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து, மற்ற நாட்களில் ஒன்பதரைக்குத் தொடக்கம் என்று திட்டமாகக் கேளுங்கள். உங்களைப் போல் இன்னும் நாலைந்து பேர் இருந்தால், ரவாங் வரை ஒரு வேன் வேண்டுமென்று சேர்ந்து கையெழுத்திடுங்கள்.

செலவைப் போடும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். 50 ரிங்கிட் மாத பாஸ், எல்ஆர்டி போன்ற ரேபிட் நிறுவன ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும்தான் செல்லும். கோமுட்டர் டிக்கெட் தனி, மோட்டாருக்குப் பெட்ரோலும் தனி. ஒரு திங்கட்கிழமை விடுப்பெடுத்து, அதே ஐந்தேகாலுக்குக் கிளம்பிப் போய் வந்து நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேலாளரின் வரைபடத்தில் செம்பனை லாரிக்குப் பின்னால் மழையில் நிற்கும் மோட்டார் தெரிவதில்லை; அந்தத் தாளில் தெரியும்.

கேள்வி: என் அலுவலகமும் இப்படித்தான் மாறிவிட்டது. தினமும் மோட்டாரில் போகிறேன். வழியில் விபத்து நேர்ந்தால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு கொடுக்குமா?

பதில்: கொடுக்கும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேர்வழியில் நேரும் விபத்து, வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். சொந்த வேலையாகப் பாதையை விட்டு விலகிப் போனால்தான் சிக்கல்: மாலையில் தங்கை வீட்டுக்கு வளைந்து போகும்போது விழுந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். விபத்து நடந்தால் உடனே போலீஸ் ரிப்போர்ட் செய்து, முதலாளிக்கும் தெரிவித்துவிடுங்கள். அலுவலகத்தின் புதிய முகவரியும் நீங்கள் குடியிருக்கும் முகவரியும் நிர்வாகத்தின் பதிவில் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.