தலைமையாசிரியர் பொறுப்பு: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவள் நான். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஆசிரியர்களும், புதிதாகப் பொறுப்பேற்றவர்களும், பெற்றோர் சிலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பட்டதாரி ஆசிரியர்: அம்மா, தலைமையாசிரியர் ஆவதற்கு நேரடி நியமனம் உண்டா? பணிமூப்பு ஒன்றுதான் வழியா?

நடைமுறையில் பதவி உயர்வுதான் வழி. இடைநிலை ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளித் தலைமைக்கு வருகிறார்கள். பட்டதாரி ஆசிரியர்கள் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலை ஆசிரியர்களிலிருந்தும் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களிலிருந்தும் எடுக்கிறார்கள். நேரடித் தேர்வு எழுதி வர விரும்புகிறவர்களுக்கு அலுவலர் பக்கம்தான் கதவு திறந்திருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலர் பணியிடங்களில் ஒரு பகுதியை ஆசிரியர் தேர்வு வாரியமும், மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடங்களில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் நிரப்புகின்றன.

தொடக்கக் கல்வித் துறையில் பணிமூப்பை ஊராட்சி ஒன்றிய அளவில் பார்த்த காலம் முடிந்தது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. ஆசிரியர் சங்கங்கள் போராடியதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றியத்துக்குள்ளேயே தலைமை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் குடும்பத்தை அமைத்துக்கொண்டவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது பெரிய அடி.

பணிமூப்பு முறையை நான் குறை சொல்ல மாட்டேன். சிபாரிசுக்கு அது இடம் கொடுப்பதில்லை. ஆனால் பலருக்குப் பதவி வரும்போது ஓய்வு வாசலில் நிற்கிறது. ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்த பிறகும் நான்கைந்து ஆண்டுகளே தலைமையில் இருப்பவர்கள் நிறைய. பள்ளியைப் புரிந்துகொள்வதற்கே முதல் ஆண்டு போய்விடும். ஆகவே பதவி வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

இடைநிலை ஆசிரியை: ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதாமல் பதவி உயர்வு கிடைக்குமா?

உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தந்த தீர்ப்பு தெளிவாக இருக்கிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்ச்சி இல்லாமலே பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவரை மறுபடி தேர்வுக்கூடத்தில் உட்கார வைப்பது எனக்கு உடன்பாடில்லை. உடன்பாடு வேறு, உங்கள் எதிர்காலம் வேறு. சலுகை வரும் என்று காத்திராமல் படித்து எழுதிவிடுங்கள்.

முதுகலை ஆசிரியர்: இன்னும் சில ஆண்டுகளில் என் பெயர் தேர்ந்தோர் பட்டியலில் வரும். இப்போதே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

துறைத் தேர்வுகளை முதலில் முடியுங்கள். தேர்வாணையம் அவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. பதவி உயர்வு நேரத்தில் ஒரு தாள் பாக்கி என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கால அட்டவணை போடும் வேலையை வலிந்து கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பாத வேலை அது. எந்த ஆசிரியருக்கு எத்தனை பாடவேளை, எந்த வகுப்புக்கு மதியம் கடைசிப் பாடவேளையில் கணிதம் போய் விழுகிறது, யார் சுமக்கிறார், யார் நழுவுகிறார் என்று பள்ளி முழுவதும் ஒரே தாளில் தெரிந்துவிடும். நான் உதவித் தலைமையாசிரியராக இருந்தபோது கற்றதில் பாதி அந்தத் தாளில் கற்றதுதான்.

மூன்றாவது, ரொக்கப் பதிவேடும் இருப்புப் பதிவேடும் எழுதப் பழகுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பது பேர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், ஆயிரத்துக்கு மேல் இருந்தால் ஒரு லட்சம் என்பது திட்ட நெறி. சிறிய தொகைதான். ஆனால் ரசீது இல்லாத நூறு ரூபாய் தணிக்கைக் குறிப்பாகி, ஓய்வூதியக் கோப்பு வரை கூடவே வரும். நல்ல ஆசிரியர் என்று பெயரெடுத்தவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

புதிதாகப் பொறுப்பேற்ற உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்: காலை முதல் மாலை வரை இமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவு, புள்ளிவிவரம், கூட்டம். வகுப்பறைப் பக்கம் போகவே முடியவில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அலுவலகத்திலிருந்து வரும் எல்லாத் தகவல் கேட்பும் 'உடனடி' என்றுதான் வரும். வகுப்பறையிலிருந்து யாரும் 'உடனடி' என்று எழுதி அனுப்புவதில்லை. அதனால் நம் நாள் தானாகவே அலுவலகத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதை வேண்டுமென்றே இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு பாடவேளையில் நான் கணினி முன்னால் உட்காரமாட்டேன் என்று பள்ளி முழுவதற்கும் தெரியும். போகப் போக வட்டார அலுவலகத்துக்கும் தெரிந்தது. பதினோரு மணிக்கு மேல்தான் தகவல் அனுப்புவேன். அதற்காக எந்த நடவடிக்கையும் என் மேல் வரவில்லை.

வாரத்தில் ஆறேழு பாடவேளையாவது உங்கள் பாடத்தை நீங்களே நடத்துங்கள். பாடம் நடத்தும் தலைமையாசிரியர் பாடம் பற்றிப் பேசினால்தான் ஆசிரியர்கள் காது கொடுக்கிறார்கள்.

வகுப்பைப் பார்வையிடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பின்வரிசையில் அமர்ந்து படிவம் நிரப்பினால் ஆசிரியரும் மாணவரும் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதைவிட, வகுப்புக்கு மூன்று குறிப்பேடுகளை வாங்கி உங்கள் அறைக்கு எடுத்துப் போங்கள். முதல் வரிசையில் ஒன்று, நடுவில் ஒன்று, சுவரோரம் கடைசியில் ஒன்று. மூன்றையும் ஒரே தேதியில் திறந்து வையுங்கள். முதல் குறிப்பேட்டில் கணக்கு முழுதாக இருக்கும். நடுவில் உள்ளதில் விடை மட்டும் இருக்கும், வழிமுறை இருக்காது. கடைசிக் குறிப்பேட்டில் தலைப்பும் தேதியும் மட்டும். அதைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால் பிள்ளை எழுதுவதை நிறுத்திய நாள் அகப்படும். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஐந்து பாடக் குறிப்பேடுகளிலும் எழுத்து ஒரே வாரத்தில் நின்றிருந்தது. விசாரித்தால், அந்த வாரம்தான் அவள் தாய் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார். தம்பியைப் பார்த்துக்கொள்வதும் சமையலும் அவள் தலையில் விழுந்திருக்கின்றன. வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. பிள்ளை தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் புள்ளிவிவரப் படிவமும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

பட்டதாரி ஆசிரியை: எங்கள் தலைமையாசிரியர் நூறு சதவீதத் தேர்ச்சிக்காக மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் வாங்கச் சொல்கிறார். தவறில்லையா?

தவறுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அரசுப் பள்ளி அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளை போக வேறு இடம் இல்லை. தேர்ச்சி சதவீதத்தை மட்டும் கேட்கும் ஆய்வுக் கூட்டங்கள்தான் இந்தப் பழக்கத்தை வளர்த்தன. அந்த அழுத்தம் எனக்கும் தெரியும். அதற்காகப் பிள்ளையை வெளியே தள்ள யாருக்கும் உரிமை இல்லை.

நான் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வேறொரு கணக்கு வைத்திருந்தேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. உயர்கல்விக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாயும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கிடைக்கின்றன. பின்னது 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. இடையில் அனுப்பப்படும் பிள்ளை இவற்றையும் சேர்த்து இழக்கிறது. உங்கள் தலைமையாசிரியரிடம் தனியாக, மரியாதையாக இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள்.

ஒரு தாய்: அந்தக் குழுவில் நானும் உறுப்பினர். கூட்டம் என்றால் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். எங்களால் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும் அம்மா. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவில் உங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், மானியச் செலவைக் கண்காணிப்பதும் குழுவின் வேலை. அடுத்த கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டை வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்த பிறகு கையெழுத்திடுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்பதை நேரில் போய்ப் பாருங்கள். நல்ல தலைமையாசிரியருக்கு நீங்கள் துணையாக இருப்பீர்கள். பெற்றோர் கேட்கிறார்கள் என்று அலுவலகத்துக்கு எழுதும்போது கடிதத்துக்குக் கூடுதல் பலம் கிடைக்கும்.

பெரிய மாற்றங்கள் ஊர் மக்களோடு சேர்ந்துதான் வந்திருக்கின்றன. காமராசர் ஆட்சியில் கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1950-களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். அப்போது ஊரார் கட்டடமும் மேசை நாற்காலியும் சீருடையும் தந்தார்கள்.

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்: மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கட்டி வருகிறார்கள். கழற்றச் சொன்னால் ஊரில் பிரச்சினை வருகிறது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சாதி வெறியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. கயிறுகளைத் தடை செய்வது, அகர வரிசைப்படி மாணவரை அமர வைப்பது, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக நியமிக்காமல் இருப்பது போன்ற பரிந்துரைகள் அதில் உண்டு.

கயிற்றை நீங்களே அறுக்காதீர்கள். ஆசிரியர் எல்லோரும் ஒரே நிலைப்பாட்டில் நில்லுங்கள். ஒருவர் கண்டுகொள்ளாமல் போனாலும் முயற்சி வீண். பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்துப் பேசுங்கள், கூட்டமாக அழைத்தால் வீம்பு வரும். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சாதிவாரியாக வாசிக்கும் பழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். கையில் கட்டிய கயிற்றைப் பார்க்கிற நாம் இதைப் பார்ப்பதில்லை.

ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர்: ஐந்து வகுப்பு, இரண்டு பேர். இதில் தலைமைத்துவம் என்று என்ன இருக்கிறது?

உங்களுக்குத்தான் அதிகம் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதும், நூற்றைம்பதுக்கு மேல் போனால்தான் தனித் தலைமையாசிரியர் என்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. நீங்கள் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். ஆகவே எந்தக் கூட்டத்துக்கு நேரில் போவது, எதைத் தொலைபேசியில் முடிப்பது என்று தீர்மானிப்பதே உங்கள் முதல் வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர மற்ற கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. தேவைப்படும்போது அதைக் கடிதத்தில் குறிப்பிடத் தயங்காதீர்கள்.

ஓர் ஆசிரியர்: கண்டிப்பான தலைமையாசிரியரா, கனிவானவரா, யார் பள்ளியை நன்றாக நடத்துகிறார்?

இரண்டு வகையினரும் நன்றாக நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்த எல்லைக்குள் உங்கள் இயல்புப்படி இருங்கள்.

பதவி உயர்வு பெற்றவர்: நேற்று வரை ஒரே அறையில் சாப்பிட்ட நண்பர் தினமும் தாமதமாக வருகிறார். விளக்கம் கேட்டு எழுத மனம் வரவில்லை.

எழுதுவதற்கு முன் தனியாகப் பேசுங்கள். வீட்டில் நோயாளி இருக்கலாம், பஸ் நேரம் மாறியிருக்கலாம். காரணம் இருந்தால் முதல் பாடவேளையை மாற்றிக் கொடுங்கள், அதை மற்ற ஆசிரியர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். காரணம் இல்லாமல் தொடர்ந்தால் எழுத்தில் கேளுங்கள். நண்பருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்று ஆசிரியர் அறையில் பேச்சு கிளம்பிவிட்டால் அடுத்த ஆண்டு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது.

முதுகலை ஆசிரியை: கலந்தாய்வில் தொலைதூர மாவட்டம்தான் வருகிறது. பதவி உயர்வைத் துறந்துவிடலாமா?

துறப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. சிறந்த ஆசிரியர்கள் சிலர் வகுப்பறையை விட மனமில்லாமல் துறந்திருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 'என்னால் நிர்வாகம் செய்ய முடியுமா' என்ற பயத்தால் துறக்காதீர்கள். பெண்களிடம் இந்தப் பயத்தை வீடும் உறவும் சேர்ந்துதான் ஊட்டுகின்றன. போவதென்று முடிவு செய்தால், பொறுப்பேற்கும் நாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ரொக்கம், வங்கிக் கணக்குப் புத்தகம், பணிப்பதிவேடுகள், வெற்று மாற்றுச் சான்றிதழ் புத்தகங்களின் வரிசை எண்கள், ஆய்வகப் பொருள்கள் என ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒப்பிட்டு, குறைவதைப் பட்டியலிலேயே எழுதி, ஒப்படைப்பவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். அரை நாள் ஆகும். அன்று மதியமே ஏதாவது ஒரு வகுப்புக்குப் போய் ஒரு பாடம் நடத்திவிடுங்கள்.