பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு: கேள்வி பதில்

இணையக் கணக்குகளுடன் இணைந்துள்ள மின்னஞ்சல் முகவரியை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, கணக்கு மீட்புக் கோரிக்கைகளைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருபவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள்: புதிய முகவரி கணக்கில் ஏறி, அதற்கு அஞ்சல் வரத் தொடங்கும் வரை பழைய பெட்டியை மூடாதீர்கள்.

கேள்வி (பொறியியல் இறுதியாண்டு மாணவி): நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் என் கணக்கு கல்லூரி கொடுத்த முகவரியில் உள்ளது. படிப்பு முடிந்ததும் அந்த முகவரி முடக்கப்படும். என்ன செய்வது?

பதில்: முடங்குவதற்கு முன்பே கேட்டீர்கள், பெரும்பாலோர் முடங்கிய பிறகே வருகிறார்கள். கிட்ஹப்பில் ஒரே கணக்கில் பல முகவரிகளை வைத்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் சொந்த முகவரியைச் சேர்த்து, அதற்கு வரும் இணைப்பைச் சொடுக்கி உறுதிப்படுத்தி, பிறகு அதையே முதன்மை முகவரியாக்குங்கள். கல்லூரி முகவரியை உடனே நீக்கிவிடாதீர்கள். நீங்கள் பதிவேற்றிய ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது நிரலில் செய்து சேமித்த ஒவ்வொரு மாற்றத்திலும், அப்போதைய முகவரி பொதிந்திருப்பதால், அதைக் கணக்கிலிருந்து நீக்கினால் நான்கு ஆண்டு உழைப்பு உங்கள் பங்களிப்புப் பட்டியலில் காணாமல் போகும். ஆனால் வைத்திருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அதே முகவரியைக் கல்லூரி நாளை வேறொரு மாணவிக்குக் கொடுத்தால், கடவுச்சொல்லை மீட்கும் அஞ்சல் அவரிடம் போய்ச் சேரக்கூடும். எனவே மின்னஞ்சல் அமைப்புகளில் மாற்று முகவரி என்ற இடத்தில், முதன்மை முகவரிக்கு மட்டுமே அனுமதி என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

கேள்வி (கடலூர் வாசகர்): என் ஜிமெயில் முகவரியின் நடுவில் ஒரு புள்ளி சேர்த்துக் கொடுத்தால் புதிய முகவரி ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. ஜிமெயில் புள்ளிகளைப் பொருட்படுத்துவதில்லை. எல்லாம் ஒரே பெட்டிக்கே வரும்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): வருமான வரி இணையதளத்தில் மகனின் முகவரி பதிவாகியுள்ளது. மாற்றுவது அவசியமா?

பதில்: அவசியம். துறையின் அறிவிப்புகள் பதிவான முகவரிக்கே வரும். மகன் பார்க்கத் தவறினால் பதிலளிக்க வேண்டிய கெடு உங்களுக்குத் தெரியாமலே கடந்துவிடும். சுயவிவரப் பகுதியில் தொடர்பு விவரங்களைத் திருத்தலாம். கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் தனித்தனியே ஓடிபி வரும் என்பதால் இரண்டையும் அருகில் வைத்துக்கொண்டு அமருங்கள்.

கேள்வி (ஜவுளி வணிகர்): கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்து உள்ளே சென்ற பிறகும், முகவரியை மாற்றப் பழைய முகவரிக்குக் குறியீடு அனுப்புகிறார்கள். வீட்டுக்காரனிடமே பத்திரம் கேட்பது என்ன நியாயம்?

பதில்: வீட்டுக்குள் இருப்பவரெல்லாம் வீட்டுக்காரர் அல்லர், வாடகைக்கு இருப்பவரும் பூட்டை உடைத்து நுழைந்தவரும்கூட உள்ளேதான் இருக்கிறார்கள். முகவரியை மாற்றுவது சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றதன்று, பட்டா மாற்றம் போன்றது. மின்னஞ்சலைக் கையில் வைத்திருப்பவர் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று ஒரு முறை சொடுக்கினால் கடவுச்சொல்லே மாறிவிடுகிறது. ஆகவேதான் கடவுச்சொல்லைத் திருடியவர் உள்ளே நுழைந்ததும் முதலில் முகவரியை மாற்ற முயல்கிறார்.

குறுக்கீடு (மற்றொரு வாசகர்): பழைய பெட்டியையே இழந்தவர் என்ன செய்வார்?

பதில்: காத்திருப்பார். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்புத் தகவல்கள் (மீட்புக்கான கைபேசி எண், மின்னஞ்சல் போன்றவை) அனைத்தையும் ஒரேயடியாக மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் உண்மையான உரிமையாளர் அதை ரத்து செய்ய முடியும். கூகுளில் மீட்பு முகவரியை மாற்றினாலும் 7 நாள் வரை பழைய முகவரிக்குக் குறியீடு பெறும் வாய்ப்பை விட்டுவைக்கிறார்கள்.

ஜவுளி வணிகர்: 30 நாள் கடையை மூடி வைக்க முடியுமா? இது திருடனை விட்டுவிட்டு நேர்மையானவரைத் தண்டிப்பதே.

பதில்: உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, தீபாவளிக்கு முன் இப்படி மாட்டிக்கொண்ட வணிகர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் திருடனுக்குத்தான் அவசரம் அதிகம். தாமதம் அவனுடைய வேலையைக் கெடுக்கும் அளவுக்கு உங்கள் வேலையைக் கெடுப்பதில்லை. மேலும், அந்த 30 நாள் எல்லா வழிகளையும் இழந்தவருக்கு மட்டுமே. கைபேசி எண், இரண்டாவது மின்னஞ்சல் என்று ஏதாவது ஒன்று உயிரோடு இருந்தால் அதைக் கொண்டே மற்றதை மாற்றிக்கொள்ளலாம். கடைக் கணக்குக்கு ஒரே ஒரு மீட்பு வழியை வைத்திருப்பது, கல்லாவுக்கு ஒரே சாவி செய்து அதையும் கல்லாவுக்குள்ளேயே போட்டுப் பூட்டுவதற்குச் சமம்.

கேள்வி (செவிலியர்): என் இன்ஸ்டாகிராம் கணக்கின் முகவரி மாற்றப்பட்டதாக அஞ்சல் வந்தது. நான் மாற்றவில்லை.

பதில்: அவ்வறிவிப்பு பழைய முகவரிக்குத்தான் வரும், மாற்றத்தைத் திரும்பப் பெறும் இணைப்பும் அதிலேயே இருக்கும். விரைந்து பயன்படுத்துங்கள். செயலிக்குள் இன்னும் நுழைய முடிந்தால், இன்ஸ்டாகிராம் அண்மையில் அனுப்பிய அஞ்சல்களின் பட்டியலில் அது உண்மையானதா என்று முதலில் சரிபாருங்கள். பழைய பெட்டியை மூடாதீர்கள் என்று நான் நச்சரிப்பதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

கேள்வி (மதுரை வாசகர்): யாஹூ பெட்டியைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதில் பதிவான கணக்குகளை அப்படியே விட்டால் என்ன?

பதில்: 2013-இல் யாஹூ, ஓராண்டுக்கு மேல் பயன்படாத முகவரிகளை வேறு நபர்களுக்கு வழங்கியது, புதியவர்கள் சிலருக்கு முன்னவரின் அஞ்சல்கள் வந்து சேர்ந்தன. போதுமா?

கேள்வி (வேறொரு வாசகர்): பழைய பெட்டியை மூடிவிட்டேன், இப்போது முகவரியை மாற்ற...

பதில்: தொடக்கத்தில் எழுதிய வேண்டுகோளைப் படியுங்கள். பிறகு அந்தந்த நிறுவனத்தின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குச் செல்லுங்கள். தொலைபேசியில் அழைத்து, ஓடிபி சொன்னால் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் செல்லாதீர்கள்.

கேள்வி (இல்லத்தரசி): அப்படியானால் பழைய பெட்டியை எப்போதுதான் மூடலாம்?

பதில்: இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். பழைய பெட்டியில் "வரவேற்கிறோம்", "உறுதிப்படுத்துக", "கடவுச்சொல்" ஆகிய சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடி, எந்தெந்தக் கணக்குகள் அதில் உள்ளன என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அதன் பிறகும் ஓராண்டு திறந்தே வைத்து, மாதம் ஒரு முறை எட்டிப் பாருங்கள். மின்கட்டணச் செய்தி அடிக்கடி வரும். வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஆண்டுக்கு ஒரு முறைதான் எழுதும்.