விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு இணைக்கும்போது வரும் கறுப்புத் திரை

வணக்கம். அலுவலகத்து உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) கணினியில், தொலைவிலிருந்து அதன் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்த உதவும் எக்ஸ்ஆர்டிபி மென்பொருளை நிறுவியிருப்பதாகவும், வீட்டிலுள்ள விண்டோஸ் 11 மடிக்கணினியிலிருந்து இணைத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் கறுப்புத் திரை மட்டும் தோன்றி இணைப்பு அறுந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரை வந்துவிடுவதால் பிணையத்திலோ ஃபயர்வாலிலோ குறையில்லை. இந்தக் கோளாறுக்காக ரவுட்டர் அமைப்புகளை இனித் தொட வேண்டாம்.

போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது: மாலையில் கிளம்பும்போது திரையைப் பூட்டிவிட்டு வருகிறீர்கள். பூட்டினாலும் உங்கள் அமர்வு (லாகின் செய்ததிலிருந்து லாக் அவுட் செய்யும் வரை ஓடும் டெஸ்க்டாப்) உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். எக்ஸ்ஆர்டிபி வழக்கமாக அந்தத் திரையைக் காட்டுவதில்லை. அதே பயனருக்குப் புதிய அமர்வு ஒன்றைத் தொடங்குகிறது. ஒரே பயனருக்கு இரண்டு வரைகலை அமர்வுகள் என்பது உபுண்டுவின் வழக்கமான க்னோம் டெஸ்க்டாப்புக்கு ஒத்துவராததால், இரண்டாவது அமர்வு தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடுகிறது. நாளை பூட்டுவதற்குப் பதிலாக லாக் அவுட் செய்துவிட்டு வந்து முயன்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

திறந்துவைத்த கோப்புகளோடு அதே திரைதான் வேண்டுமென்றால், உபுண்டு அமைப்புகளில் ‘ஷேரிங்’ பகுதியிலுள்ள ‘ரிமோட் டெஸ்க்டாப்’ வசதி உண்டு. ஆனால் 22.04 பதிப்பில் திரை பூட்டியிருந்தால் அது இணைய விடாது, ஆளில்லாத அலுவலகத்தில் பூட்டாமல் விட்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 24.04 பதிப்பில், கணினியில் யாரும் லாகின் செய்யாதபோதும் தொலைவிலிருந்து லாகின் செய்ய ‘ரிமோட் லாகின்’ என்ற தனி வசதியே வந்துவிட்டது.

இன்னொன்று, இந்த ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகள் வழக்கமாக வரும் 3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைத்திருந்தால் இன்றே மூடிவிட்டு, விபிஎன் (அலுவலகப் பிணையத்துக்கான மறையாக்கப்பட்ட தனி வழி) வழியாக மட்டும் இணையுங்கள்.