கீழாநெல்லி முதல் ஆரோக்கியப்பச்சை வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா தினமும் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் சரியாகிவிட்டது. டாக்டரிடம் சொன்னால், அது தானாகவே சரியாகியிருக்கும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
- வாசகி, விருதுநகர்

பதில்: டாக்டர் சொல்வதுதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் வரும் காமாலையில் பெரும்பகுதி அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும், அந்தச் சில வாரங்களில் வீட்டில் என்ன கொடுத்தார்களோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். உங்கள் தம்பி ஒருவரை மட்டும் வைத்து, மருந்து கேட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே நோயோடு மருந்து குடிக்காத இன்னொரு கூட்டமும் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும்.

அப்படி ஒரு சோதனையைச் சென்னையிலேயே செய்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. இது சாதாரணக் காமாலை இல்லை, பி வைரஸை உடம்பிலேயே நிரந்தரமாகச் சுமப்பவர்களைப் பற்றியது. கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். மற்றொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத டம்மி. முடிவில், மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளத்தைக் காணோம்; டம்மி சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம்தான் சிக்கல். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள், இந்த மாதிரி பலன் வரவில்லை. 2011-ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடை போடும் காக்ரேன் அமைப்பு கிடைத்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. இதற்காகச் சென்னை ஆய்வு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கீழாநெல்லி என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடைக்கு வருவதே ஒரே செடி கிடையாது, ஒன்றுபோல இருக்கும் நாலைந்து இனங்கள் கலந்து வரும்; மண்ணும் பருவமும் மாறினால் ஒரே செடிக்குள்ளும் மருந்துச் சத்தின் அளவு மாறும். ஆனால் காரணம் எதுவானாலும், வேறு ஊரில் செய்தபோது வராத பலனை நம்பி ஹெபடைடிஸ் பி-க்கு மருந்தை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். கண் மஞ்சளாக இருக்கும்போது தூக்கக் கலக்கம், புத்தித் தடுமாற்றம், விடாத வாந்தி, ரத்தக் கசிவு என்று எது வந்தாலும் மோரை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அம்மாவிடம் சண்டை போட வேண்டாம், தம்பிக்கு எந்த வைரஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார் என் மாமனார். அதிலிருந்து கேன்சர் மருந்து எடுக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் படித்ததிலிருந்து இலையையும் சேர்த்துப் போடுகிறார். நல்லதுதானே?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வாட்ஸப்பில் வந்தது உண்மை, மாமனார் செய்வது தப்பு. கதையே சர்க்கரையில்தான் ஆரம்பிக்கிறது. 1952-ல் ஜமைக்காவிலிருந்து இந்தச் செடியின் இலைகள் கனடாவில் இருந்த ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானிக்குத் தபாலில் போயின. அங்கிருந்து முதலில் வந்தது கனடாவிலேயே இருந்த அவருடைய அண்ணனுக்கு, அண்ணன்தான் இவரிடம் தள்ளிவிட்டார். ஜமைக்காவிலும் சர்க்கரைக்கு இதைத்தான் குடித்தார்கள். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள், எலிகள் கிருமித் தொற்று வந்து செத்துப் போயின. இன்னொருவராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார். ஏன் தொற்று வந்தது என்று தோண்டியதில் வெள்ளை அணுக்கள் சரிந்திருப்பது தெரிந்தது, அந்த அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! வேதியியல் விஞ்ஞானி சார்ல்ஸ் பியரோடு சேர்ந்து இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற கேன்சர் மருந்தைப் பிரித்தெடுத்தார். எலை லில்லி என்ற மருந்துக் கம்பெனி தனியாக வின்கிரிஸ்டின் என்ற இன்னொன்றைக் கண்டது. செல் இரண்டாகப் பிரியும்போது அதை இழுத்துப் பிடிக்கும் இழைகளை உருவாக விடாமல் தடுப்பதுதான் இரண்டின் வேலை. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் மற்ற மருந்துகளோடு வின்கிரிஸ்டினைத்தான் கொடுக்கிறார்கள்.

இலையில் இவை இருப்பது மிகமிகக் கொஞ்சம், டன் கணக்கில் இலையைக் காய்ச்சினால் கிராம் கணக்கில்தான் தேறும். அதனால் மாமனாரின் கஷாயத்தில் கேன்சர் மருந்து என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. ஆனால் ஆல்கலாய்டு என்று சொல்லும், உடம்பில் வேலை காட்டும் வேதிப்பொருட்கள் அந்தச் செடியில் நூற்றுக்கும் மேல். எது எவ்வளவு உள்ளே போகிறது என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கஷாயத்தை நிறுத்தச் சொல்லுங்கள், சர்க்கரை மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

கேள்வி: குர்குமின் கேப்சூல் வாங்கலாமா? ரசத்தில் போடும் மஞ்சள் போதாதா?
- வாசகி, ஈரோடு

பதில்: மஞ்சள் நகரத்திலிருந்தே இந்தக் கேள்வியா! மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும், அதுவும் ரத்தத்தில் சேராது. 1998-ல் பெங்களூரில் இரண்டு கிராம் குர்குமினை விழுங்கக் கொடுத்தபோது ரத்தத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்ததும் இருபது மடங்கு ஏறியது. கேப்சூல்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மிளகுச் சத்து, நீங்கள் சாப்பிடும் வேறு மாத்திரைகளையும் உடம்பில் அதிக நேரம் தங்க வைக்கும். இப்படிப்பட்ட கேப்சூலால் ஈரல் கெட்டவர்களும் இருக்கிறார்கள். ரசம் போதும்.

கேள்வி: மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாதாமே?
- வாசகர், ஓசூர்

பதில்: ஊமத்தையும் மூலிகைதான்.

கேள்வி: காட்டுவாசிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மருந்து செய்து விற்கிறார்களே, அவர்களுக்குக் காசு ஏதாவது போகிறதா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பெரும்பாலும் போவதில்லை. போன கதை ஒன்று உங்கள் ஊருக்கு மேலே, அகத்தியமலையில் நடந்தது. 1987 டிசம்பரில் ஆய்வாளர்கள் சிலர் அந்த மலையின் பழங்குடியினரான காணி மக்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு மலை ஏறினார்கள். இவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, காணிகளோ ஏதோ சின்னப் பழத்தை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் போகிறார்கள். என்ன செடி என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை, வெளியாளிடம் சொல்லக் கூடாது என்று வழக்கம். கடைசியில் காட்டியதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா நிறுவனம் அதில் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்று ஒன்றைச் செய்தது, 1995-ல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் பத்து லட்சம், விற்பனையில் இரண்டு சதவீதம், இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று பேச்சு. பணத்தை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு ஒரு டிரஸ்ட் பதிவாகவே 1997 ஆகிவிட்டது, கைக்கு வந்தது 1999-ல். நடுவில் வனத்துறை, காட்டிலிருந்து இலை பறிக்கவே விடமாட்டோம் என்று நின்றது. எங்களை யாரும் கேட்கவே இல்லையே என்று மற்ற ஊர்க் காணிகளுக்கும் வருத்தம். ஆனாலும் பழங்குடியினரோடு லாபத்தைப் பங்கிடுவது பற்றி உலகத்தில் எங்கே பேசினாலும் இந்த உதாரணத்தைத்தான் எடுக்கிறார்கள், இத்தனைக்கும் அப்போது அப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லி இங்கே ஒரு சட்டமும் கிடையாது.