அப்பாயியின் வெள்ளிக் காசுகளை விற்பதற்கு முன்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாயி காலமான பிறகு றங்குப் பெட்டியின் அடியில் ஒரு சுருக்குப் பை அகப்பட்டதாம். அதில் 23 பழைய வெள்ளிக் காசுகள் இருந்தன, அவற்றில் ஆறு, மாலையில் கோத்துப் போடுவதற்காக வளையம் பற்றவைத்தவை. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) ஓட்டோவில் வந்து பழைய நகை வாங்கும் ஒருவர் காசு ஒன்றுக்கு 1,500 ரூபா தருவதாகச் சொல்லியிருக்கிறார், டவுனுக்குக் கொண்டுபோனால் புதைபொருள் என்று பொலிஸ் பிடித்துவிடும் என்றும் எச்சரித்திருக்கிறார். தம்பி மகனோ கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி, ராணி தலைக் காசு ஒன்றே 10 இலட்சம் போகும் என்கிறானாம். எது நியாயமான விலை, பொலிஸ் பயம் உண்மையா என்று சகோதரி கேட்கிறார்.

பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாகும். அது தொல்பொருளுக்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். உங்கள் பையில் உள்ளவற்றில் மிகப் பழையது 1862 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மண்ணைத் தோண்டி எடுத்த காசு என்றால் கதை வேறு, அதை அறிவிக்கத்தான் வேண்டும். பாட்டி பெட்டியில் வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்து ரூபாவைக் கடைக்குக் கொண்டுபோவது குற்றம் என்று சொல்பவர், நீங்கள் இன்னொரு கடையில் விலை கேட்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் சொல்கிறார்.

இனி விலைக்கு வருவோம். காசுகளை மேசையில் கொட்டி ஆண்டு பார்த்துப் பிரியுங்கள். 1939 வரையான பிரித்தானிய இந்திய ரூபா ஒன்று 11.66 கிராம் நிறை உடையது, நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. நாட்டு வைத்தியர்கள் மருந்துச் சரக்குக்கு ‘ரூபா எடை’ என்று சொன்னது இந்தக் காசைத்தான், ஒரு தோலா என்பதும் இதே நிறைதான். ஆகவே ஒரு காசில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. ராணி விக்டோரியா, முடியில்லாத் தலையுடன் இருக்கும் ஏழாம் எட்வர்ட், முடிசூடிய ஐந்தாம் ஜோர்ஜ் ஆகிய மூவரின் காசும் இந்தக் குவியலில் சேரும்.

1940 முதல் 1945 வரையான ரூபாவைத் தனியே வையுங்கள். யுத்த காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், நிறை அதேதான் என்றாலும் வெள்ளி 5.83 கிராம் மட்டுமே. பின்புறம் புலி நிற்கும் 1947 ரூபா வெறும் நிக்கல், காந்தத்தை அருகில் கொண்டுபோனால் தாவி ஒட்டிக்கொள்ளும். அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள். இலங்கை 50 சதம் 5.83 கிராம் நிறை. 1917 வரையானவற்றில் நூற்றுக்கு 80 பங்கும், 1919 முதல் 1942 வரையானவற்றில் 55 பங்கும் வெள்ளி.

நீங்கள் எழுதிய பட்டியலின்படி வளையமில்லாத 17 காசுகளில் பழைய ரூபா பத்து, யுத்தகால ரூபா மூன்று, புலி ஒன்று, 50 சதம் மூன்று. அந்த மூன்றில் ஒன்று 1893, இரண்டு 1942. எல்லாவற்றையும் கூட்டினால் சுத்த வெள்ளி 135 கிராம் அளவு வரும். கணக்கு புரிவதற்காக மட்டும், வெள்ளி கிராம் 400 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இந்தப் பதினேழுக்கும் 54,000 ரூபா. ஓட்டோக்காரர் தருவதோ 25,500. பழைய ரூபா ஒன்றைத் தனியே எடுத்தால் அதில் 4,276 ரூபா வெள்ளி இருக்கும்போது அவர் 1,500 தருகிறார். கடைக்காரர் உருக்குக் கூலிக்கும் தன் இலாபத்துக்கும் நூற்றுக்குப் பத்து கழிப்பதை நான் ஒத்துக்கொள்வேன். அதற்கு மேல் கழித்தால் காசைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைப் படி ஏறுங்கள்.

அன்றைய வெள்ளி விலையை எங்கே பார்ப்பது என்பதுதான் எனக்கு எரிச்சல் ஊட்டும் இடம். பவுன் விலையை நாள் தவறாமல் எல்லோரும் சொல்கிறார்கள். ஏழை வீட்டுப் பெட்டியில் இருப்பது வெள்ளி, அதன் விலையைக் கேட்டால் “வெள்ளிதானே” என்கிறார்கள். வங்கியின் அடகுப் பிரிவுக்குப் போனாலும் தங்கம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். ஆகவே நீங்களே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கைபேசியில் உலகச் சந்தையின் வெள்ளி விலை ஒரு அவுன்சுக்கு டொலரில் வரும். அதை 31.1 ஆல் வகுத்து, மத்திய வங்கி அன்று வெளியிடும் டொலர் பெறுமதியால் பெருக்குங்கள். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் உரிய அவுன்ஸ் 31.1 கிராம், மளிகைச் சாமானின் 28 கிராம் அவுன்ஸ் இதற்கு உதவாது. தம்பி மகனிடம் காணொளியை நிறுத்திவிட்டு இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

இரண்டு தந்திரங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்திருக்கிறேன். ஒன்று, அமிலம். வாங்குபவர் காசின் விளிம்பை உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டு விடுவார், ஓரத்தில் பச்சை தெரியும், “பார்த்தீர்களா, பாதி செம்பு” என்பார். அந்தக் காசில் அச்சிட்ட நாளிலிருந்தே நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் செம்பு இருக்கிறது, ஓரத்தில் பச்சை தெரிந்ததால் மட்டும் அது பாதி செம்பு ஆகிவிடாது.

மற்றது, தராசு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் என் மேசைக்கு வந்து, மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஒரு சீட்டை விரித்துக் காட்டினார். மலைநாட்டு நகரம் ஒன்றின் கடையில் 18 பழைய ரூபா விற்றிருக்கிறார். சீட்டில் ‘பழைய வெள்ளி 198 கி.’ என்று மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது. காசின் எண்ணிக்கை இல்லை, ஆண்டு இல்லை, கடையின் முத்திரை இல்லை. பதினெட்டு ரூபா ஏறக்குறைய 210 கிராம் நிற்க வேண்டும், கைபட்டுத் தேய்ந்ததற்கு இரண்டு மூன்று கிராம் விட்டாலும் 207. குறைந்த ஒன்பது கிராம் ஒரு காசின் முக்கால் பங்குக்கும் மேல். அவர் எதிரில் நின்றபடியேதான் நிறுத்திருக்கிறார்கள், ஆனால் தராசின் இலக்கம் கடைக்காரர் பக்கம் திரும்பியிருந்ததாம். வியாபாரத் தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிடுவதற்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் என்று நீளமான பெயரில் ஒரு திணைக்களமே இருக்கிறது. அந்த முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. புறப்படும் முன் வேறோர் இடத்தில் பத்துப் பத்தாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், பத்து பழைய ரூபா 114 முதல் 116.6 கிராமுக்குள் வர வேண்டும்.

காணொளி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1862 என்ற ஆண்டைப் பார்த்து மயங்க வேண்டாம், 1874 வரை அச்சிட்ட ரூபாவிலெல்லாம் அதே 1862 தான் பொறித்தார்கள், அதனால் அது எங்கும் கிடைக்கிறது. 1911 ஆம் ஆண்டு ரூபாவில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பிய கதை உண்மை, அதற்குச் சேகரிப்பவர்கள் வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் தருவார்கள், இலட்சம் தரமாட்டார்கள். உண்மையிலேயே அரிதான ஆண்டு 1939, அதனாலேயே 1938 இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் 1911, 1939 இரண்டுமே இல்லை. “உங்கள் காசுக்கு ஆள் இருக்கிறது, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்” என்று யார் கேட்டாலும் தொடர்பைத் துண்டியுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் பிடுங்குகிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஓகஸ்டில் பகிரங்கமாக எச்சரித்தது.

வளையம் வைத்த ஆறு காசுகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதிகம் கவலை தருவது அவைதான். கடைக்காரர் முதலில் சொல்வது, “வளையத்தை வெட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள், நல்ல விலை தருகிறேன்” என்பது. வெட்டாதீர்கள். வளையத்தை ஒட்டிய பற்றாசு ஓடிய இடம் மன்னரின் முடிக்கு மேலே ஒரு வடுவாக நின்றுவிடும், வளையம் போனாலும் வடு போகாது, எனவே சேகரிப்பவர் அதைச் சேதமான காசாகவே எண்ணுவார். மறுபுறம், வளையத்தோடு உருக்கினால் பற்றாசில் உள்ள பித்தளையும் செம்பும் சேர்ந்து தரம் இறங்கும். அதைச் சாட்டாக வைத்து ஆறு காசுக்கும் நூற்றுக்கு இருபது, முப்பது என்று கழிப்பார்கள். ஒரு வளையமும் அதன் பற்றாசும் சேர்ந்து அரைக் கிராம் அளவில்தான் வரும் என்பதால், அந்த அரைக் கிராமை மட்டும் விட்டு மிகுதிக் காசுக்கு முழுக் கணக்குக் கேளுங்கள். ஆனால் அதற்கும் முன் பெட்டியை இன்னொரு முறை தேடுங்கள். வளையம் வைத்த காசு ஆறு இருந்தால் அவற்றைக் கோத்த சங்கிலியோ, இடையில் வந்த வெள்ளி மணிகளோ, கொக்கியோ எங்காவது கிடக்கும், பழைய சேலை மடிப்பிலும் இருக்கலாம். துண்டுகள் சேர்ந்தால் அது காசுமாலை. உருக்குபவருக்கு அது வெறும் நிறை, பழைய மலையக நகையைத் தேடி வாங்குபவருக்கு முழுப் பொருள். பெண்கள் கூலியாக வந்த பணத்தைக் கழுத்தில் சேமித்து வைத்த காலத்தின் பொருள் அது, அப்படியொன்றை முழுதாகப் பார்ப்பது எனக்கே இப்போது அரிதாகிவிட்டது. மணி ஒன்றுகூட அகப்படாவிட்டால் மட்டும் நிறைக்கு விற்கலாம்.

எந்தக் காசையும் புளி, சாம்பல், பற்பசை கொண்டு துலக்க வேண்டாம். அழுக்கு இருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். கருமை இருக்கட்டும், பளபளப்பான காசைச் சேகரிப்பவர் தள்ளி வைப்பார். அத்துடன், குடும்பத்தில் பங்குக்கு உரியவர்களுக்குக் காசுகளை எண்ணிக்கையால் பிரித்துவிடாதீர்கள், புலிக் காசு கிடைத்தவர் பிறகு வருந்துவார். விற்ற பணத்தைப் பிரியுங்கள்.

ஹட்டனில் இரண்டு கடையில் விலை கேட்டுப் பாருங்கள். உங்கள் கணக்குக்குப் பக்கத்தில் எவரும் வராவிட்டால், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு கொழும்பு செட்டியார் தெருவுக்குப் போங்கள், ஒரே தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கலாம். எங்கே விற்றாலும் எண்ணிக்கை, நிறை, கிராம் விலை, கழித்த வீதம் நான்கும் எழுதிய, கடைப் பெயர் அச்சிட்ட சீட்டை வாங்குங்கள். தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பதினேழை மட்டும் கொண்டு போங்கள். மாலைக் காசு ஆறும் பெட்டியைத் தேடி முடிக்கும்வரை வீட்டிலேயே இருக்கட்டும்.