12 வயது மகனைக் கியூபெக்கில் முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்கவிடலாமா?

மகனின் ஐஸ் ஹொக்கி அணி கனடாவின் கியூபெக் சர்வதேசப் பீவீ ஹொக்கிப் போட்டிக்குப் போகிறது, பிள்ளைகளை அந்த ஊர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கவைப்பார்களாம், மனைவி மறுக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்புங்கள். ஆனால் மனைவியை மட்டும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடாதீர்கள். 2023 பெப்ரவரியில் எங்கள் வீட்டில் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். மனைவி அதற்குள் பெட்டியே அடுக்கி முடித்துவிட்டார்.

போட்டியின் பெருமையை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1960-இல் தொடங்கியது, 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கானது, நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் வரும். பின்னாளில் பெரிய ஹொக்கி நட்சத்திரமான கி லஃப்ளர் சிறுவனாக விளையாடிய இடம். அவரைப்போலவே நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கி 1974-இல் பிரான்ட்ஃபோர்ட் அணியோடு வந்த இடம். என் மகன் கோல் காப்பவன் என்பதால் அவனுக்கு இவர்கள் இருவரையும்விட மனோன் ரியோம்தான் பெரிய ஆள். 1984-இல் இந்தப் போட்டியில் கோல் காத்த சிறுமி, 1992-இல் டாம்பா பே அணிக்காக என்எச்எல் என்ற வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்கின் காட்சி ஆட்டத்திலும் இறங்கினார். இதையெல்லாம் எனக்கு அவன் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறான்.

எனக்குப் பிரச்சினை அந்த வீடுதான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து நடந்தபோது எனக்கும் 12 வயது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிப் போய், மீசாலையில் யாரென்றே தெரியாத ஒருவர் வீட்டு விறாந்தையில் மூன்று குடும்பங்கள் மாதக்கணக்கில் இருந்தோம். தங்கமான மனிதர்கள், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனாலும் பானையில் எவ்வளவு சோறு மிச்சம் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பையை நீட்டுவேன். “இன்னும் கொஞ்சம் போடவா தம்பி?” என்று அந்த வீட்டு ஆச்சி கேட்பார். வயிறு காய்ந்துகொண்டிருக்கும், வாய் “போதும் ஆச்சி” என்றுவிடும். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பரிமாறுபவர் பக்கத்தில் வருவதற்கு முன்பே என் கை இலையை மறைத்துவிடுகிறது.

விளையாட்டுப் பயணத்தை இடம்பெயர்வோடு ஒப்பிடுகிறானே என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள், மனைவியும் சிரித்தார். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் என் பிள்ளை யாரோ ஒருவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து “போதும்” என்று சொல்வதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை.

டொரொன்டோவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரிலிருந்து 800 கிலோமீட்டர் அளவில் வண்டி ஓடிப் போய்ச் சேர்ந்தோம். அரங்கின் வாசல் மண்டபத்தில் குடும்பங்கள் பெயர் அட்டைகளோடு நின்றன. எங்கள் மகனையும் இன்னொரு பையனையும் ஒரு அம்மாவும் அவருடைய வயதான தகப்பனும் பொறுப்பேற்றார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்குப் பிரெஞ்சு பூச்சியம். மனைவி கட்டிக் கொடுத்த பருத்தித்துறை வடைப் பையை நீட்டிவிட்டு நின்றேன். மகன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர்களுடைய வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் அரங்கில் அந்த அம்மா என்னைத் தேடி வந்து கைப்பேசியைக் காட்டினார். எதையோ பேசி, அதைத் தமிழில் மாற்றி வைத்திருந்தார். “உங்கள் மகன் ஒன்பது பான்கேக் உண்டார். மீண்டும் கேட்டார். தாத்தா வடை முழுவதும் முடித்தார், அவரும் மீண்டும் கேட்கிறார்.”

நான் உடனே பதில் சொல்லவில்லை. மானம் போனதே என்று நான் வெட்கப்படுவதாக நினைத்து, அந்த அம்மா என் தோளைத் தட்டி ஏதோ சமாதானம் சொன்னார்.

அந்த வருடம் உக்ரைன் அணியும் வந்திருந்தது. போரால் ஐரோப்பாவில் அகதிகளாகச் சிதறியிருந்த பையன்கள், கியூபெக் குடும்பங்களின் வீடுகளில்தான் அவர்களும் தங்கினார்கள். முதல் ஆட்டத்தில் பாஸ்டன் ஜூனியர் புரூயின்ஸை 3–1 என்று வென்றபோது வீடியோட்ரோன் அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன். இவர்களில் எத்தனை பேர் இன்று காலை மேசையில் “போதும்” என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாக் குடும்பங்களும் இப்படித்தான் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை, என்னைப் பிடித்து ஆட்டாதீர்கள். யார் வீடு, வீட்டில் யார் யார், கூட இன்னொரு பையன் இருப்பானா என்பதை அணி மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

உண்மையில் எனக்குத் தொந்தரவு வந்தது நம்முடையவர்களிடமிருந்துதான். மகன் போகும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இரண்டு வாரம் வரமாட்டான் என்று எழுதிக் கொடுத்தே போனோம். திரும்பி வந்தால் பேச்சுப்போட்டிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. கேட்டதற்கு, “ஐஸில் சறுக்குகிற பிள்ளைக்குத் தமிழ் எதற்கு?” என்றார் பொறுப்பாளர். 401 நெடுஞ்சாலையில் வண்டி ஓடிய அத்தனை நேரமும் பின் ஆசனத்தில் அந்தப் பேச்சைத்தான் அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். டியூஷனுக்காக வராத பிள்ளையின் பெயரை யாரும் வெட்டுவதில்லை. சரி, அது வேறு கதை.

பெப்ரவரிக் குளிருக்கு இரட்டைக் காலுறை, மற்ற அணிப் பிள்ளைகளோடு மாற்றிக்கொள்ள ஒரு பை நிறைய அணிச் சின்ன பின்கள், இரண்டும் கட்டாயம். பின் இல்லாமல் போன பிள்ளை அங்கே அழும். வடை கொடுத்துவிடுவதானால் இரண்டு பையாகக் கட்டுங்கள். எங்கள் வீட்டிலிருந்து இப்போதும் தைப்பொங்கலுக்கு ஒரு பார்சல் அந்தத் தாத்தாவுக்குப் போகிறது.